மூன்று நேர்முகத் தேர்வு, மூன்றிலும் "பிறகு அறிவிக்கிறோம்": முதல் தாதி வேலைக்கு எங்கே பிழை விடுகிறேன்?

செங்கலடிப் பெண்

அனைவருக்கும் வணக்கம். தாதியியல் பட்டம் நான்கு வருடம் படித்து முடித்து, பெறுபேறும் வந்துவிட்டது. அரச நியமனம் வரும்வரை சும்மா இருக்க வீட்டு நிலைமை இடம் தரவில்லை. இந்தப் போகம் அப்பாவின் வேளாண்மை வெள்ளத்தோடு போய்விட்டது. தனியார் வைத்தியசாலை ஒன்றில் சேரலாம் என்று மட்டக்களப்பிலும் கல்முனையிலும் ஏழு இடங்களுக்கு விண்ணப்பம் கொடுத்தேன். மூன்று இடத்தில் கூப்பிட்டார்கள். மூன்றிலும் ஒரே கதை. "அனுபவம் இருக்கிறதா?" "இல்லை." "சரி, பிறகு அறிவிக்கிறோம்."

மூன்றாவது இடத்தில் மட்டும் ஒரு கணக்குக் கேட்டார்கள். 500 மில்லிலீற்றர் சேலைனை 4 மணித்தியாலத்தில் ஏற்ற வேண்டும், நிமிடத்துக்கு எத்தனை துளி? எனக்குத் தெரிந்த கணக்குத்தான். ஆனால் மூன்று பேர் வரிசையாக இருந்து முகத்தைப் பார்த்தால் யாருக்குக் கணக்கு வரும்? "125" என்று சொல்லிவிட்டேன். அது மணித்தியாலத்துக்கு எத்தனை மில்லிலீற்றர் என்ற கணக்கு என்பது படியிறங்கும்போதுதான் உறைத்தது.

சுயவிபரக்கோவை இரண்டு பக்கம். படித்த பாடங்களின் பட்டியல், பாடசாலைக் காலத்து வலைப்பந்துச் சான்றிதழ் எல்லாம் இருக்கின்றன. தாதியர் பேரவைப் பதிவுக்கு விண்ணப்பித்திருக்கிறேன், இன்னும் கைக்கு வரவில்லை. எதைத் திருத்த வேண்டும்?

வாவிக்கரை

தங்கச்சி, கடைசியில் போட்ட விஷயத்தை முதலில் போட்டிருக்க வேண்டும். தாதியர் பேரவைக்கென்று 1988 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பதிவு இல்லாத ஒருவரைத் தாதி என்று கடமையில் போட்டால் நாளைக்கு ஏதும் நடந்தால் வைத்தியசாலைதான் பதில் சொல்ல வேண்டும். நான் ஆறு வருடமாக ஒரு தனியார் வைத்தியசாலையில் வேலை செய்கிறேன். விண்ணப்பக் கட்டு வந்தால் எங்கள் மேற்றன் (தலைமைத் தாதி) பட்டச் சான்றிதழைப் பார்க்க முன்னம் பேரவைப் பதிவைத்தான் தேடுவார். அது இல்லாத விண்ணப்பம் அடியில் போய்விடும், மனிதரில் குறை இல்லை.

பதிவு வரும்வரை, விண்ணப்பித்த பற்றுச்சீட்டின் பிரதியை இணைத்து, இந்தத் திகதியில் விண்ணப்பித்தேன் என்று முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். இன்னொன்று. "முதலில் உதவியாளராகச் சேருங்கள், பிறகு பார்ப்போம்" என்று யாரும் கேட்டால் எத்தனை மாதத்துக்கு என்று எழுத்தில் கேளுங்கள். அப்படிச் சேர்ந்து ஒன்றரை வருடம் அரைச் சம்பளத்தில் முழு வேலை செய்தவள் நான்.

கல்முனை ஓய்வுபெற்ற தாதி

மகள், அனுபவம் "இல்லை" என்று யார் உனக்குச் சொன்னது? நான்கு வருடமும் புத்தகத்தை மட்டுமா புரட்டினாய்? நோயாளர் விடுதியில் நின்றாய்தானே. உன் பயிற்சிப் பதிவேட்டை எடு. எந்த விடுதி, எத்தனை வாரம், கையால் என்ன செய்தாய் என்று எழுது. "சத்திரசிகிச்சை விடுதி, இத்தனை வாரம்: காயம் கட்டினேன், சிறுநீர்க் குழாய் பொருத்தினேன், சத்திரசிகிச்சை முடிந்து வந்த நோயாளியின் நாடியும் இரத்த அழுத்தமும் பார்த்தேன்." இப்படி ஐந்தாறு வரி போதும். பாடப் பட்டியலைத் தூக்கிவிடு, அது எல்லோருக்கும் ஒன்றுதான். வலைப்பந்து இருக்கட்டும். பன்னிரண்டு மணித்தியாலம் நிற்கக் கால் வேண்டும்.

இனி அந்தக் கணக்கு. சேலைன் ஏற்றுகிற குழாயைத்தான் செற் என்கிறோம். பெரிய துளிச் செற்றில் ஒரு மில்லிலீற்றருக்கு 20 துளி. 500 ஐ 20 ஆல் பெருக்கினால் 10,000 துளி. 4 மணித்தியாலம் என்பது 240 நிமிடம். வகுத்தால் 41.6, அதாவது 42 துளி. நீ சொன்ன 125 ஐ 3 ஆல் வகுத்திருந்தாலும் அதே விடைதான் வந்திருக்கும், ஏனென்றால் 60 ஐ 20 ஆல் வகுத்தால் 3. பிள்ளைகளுக்குப் போடுகிற சின்னத் துளிச் செற்றில் ஒரு மில்லிலீற்றருக்கு 60 துளி. அதில் நிமிடத்துக்கு 125 துளிதான் சரியான விடை! ஆகவே, நீ முதலில் "எந்தச் செற்?" என்று கேட்டிருக்க வேண்டும். நான் நேர்முகத் தேர்வில் இருந்த காலத்தில் அந்தக் கேள்வியைத் திருப்பிக் கேட்ட பிள்ளைக்கு அப்போதே புள்ளி போட்டுவிடுவேன்.

பொட்டாசியம் குளோரைட்டையும் கேட்பார்கள். ஐதாக்காமல் நேரடியாக நாளத்தில் ஊசியால் ஏற்றவே கூடாது, இதயம் நின்றுவிடும். இதைத் தடுமாறாமல் சொல்ல வேண்டும்.

அம்பாறைத் தம்பி

ஏன் அக்கா இங்கே கிடந்து அலைகிறீர்கள்? வெளிநாட்டுக்கு அனுபவமே வேண்டாம் என்று ஒரு முகவர் நிலையம் விளம்பரம் போட்டிருக்கிறது.

வாவிக்கரை

தம்பி, அனுபவமும் வேண்டாம், பதிவும் வேண்டாம் என்றால் அது தாதி வேலைதானா, வீட்டில் வயோதிபரைப் பார்க்கிற வேலையா என்று முதலில் கேளுங்கள். வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இழையைத் திசை திருப்ப வேண்டாம்.

ஏறாவூர் நானா

நான் தாதி இல்லை, வைத்தியசாலை அலுவலகத்தில் நியமனக் கடிதம் அடிக்கிறவன். வேலை கிடைத்த சந்தோஷத்தில் பிள்ளைகள் கடிதத்தை வாசிக்காமல் கையெழுத்துப் போடுவதைத் தினமும் பார்க்கிறேன். மூலச் சான்றிதழ்களைக் காட்டுங்கள், கொடுக்காதீர்கள். என் தங்கச்சி ஓர் இடத்தில் கொடுத்துவிட்டு, அரச நியமனம் வந்தபோது அவற்றைத் திருப்பி வாங்க இரண்டு கிழமை நடந்தாள். இத்தனை காலம் விலக மாட்டேன் என்று பிணை ஒப்பந்தம் கேட்டால், அரச நியமனம் வந்தால் எவ்வளவு கால முன்னறிவித்தலோடு விலகலாம் என்ற வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 வீதம், அவர்கள் பங்கு 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு அவர்கள் 3 வீதம். "தகுதிகாண் காலம் முடிந்த பிறகுதான் அது" என்றால் ஏற்காதீர்கள், முதல் மாதத்திலிருந்தே உரியது.

மாலைக் கடமை எத்தனை மணிக்கு முடியும் என்றும் கேளுங்கள். இரவில் செங்கலடிக்கு பஸ் பிடிப்பது உங்களுக்குத் தெரியாததா?

செங்கலடிப் பெண் (ஐந்து கிழமைக்குப் பிறகு)

எல்லோருக்கும் நன்றி. பேரவைப் பதிவு வந்துவிட்டது. சுயவிபரக்கோவையை ஒரு பக்கமாக்கி, பதிவு இலக்கத்தைப் பெயருக்குக் கீழேயே போட்டு, விடுதி விபரத்தோடு நான்கு இடத்துக்குக் கொடுத்தேன். ஓர் இடத்தில் கூப்பிட்டார்கள். ஒரு லீற்றர், 8 மணித்தியாலம், எத்தனை துளி? மறுபடி அதே 125! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எந்தச் செற், மேடம்?" என்று கேட்டேன். அவர் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

திங்கட்கிழமை சேர்கிறேன். ஒரு வருடப் பிணை. அரச நியமனத்துக்கு ஒரு மாத முன்னறிவித்தல் என்ற வரியைக் கேட்டேன், முணுமுணுத்துக்கொண்டு சேர்த்தார்கள். சான்றிதழ்களைப் பார்த்துவிட்டுத் தந்துவிட்டார்கள். முதல் கிழமையே இரவுக் கடமை.

கல்முனை ஓய்வுபெற்ற தாதி

நல்லது மகள். வினாடி முள் உள்ள கடிகாரம் ஒன்று வாங்கு. கைபேசியைப் பார்த்துத் துளி எண்ணாதே, நோயாளியின் வீட்டார் நீ குறுஞ்செய்தி பார்க்கிறாய் என்று நினைப்பார்கள். கையில் கட்டாமல் சட்டையில் குத்திக்கொள், கை கழுவச் சுகம்.

செங்கலடிப் பெண்

அப்பாவின் பழைய கடிகாரம் ஒன்று வார் அறுந்து கிடக்கிறது, அம்மா. வினாடி முள் ஓடுகிறது. ஊக்குப் போட்டுக் குத்திக்கொள்கிறேன்.