மறு: ‘த்ரைவ்’: செழித்தலா, தேறுதலா?

நண்பர்களுக்கு வணக்கம். ‘த்ரைவ்’ (thrive) என்ற ஆங்கில வினைக்கு நம் கலைச்சொல் தொகுப்பில் எந்தத் தமிழ்ச் சொல்லை ஏற்றுவது என்ற இழை நீண்டுவிட்டது. உங்கள் கேள்விகளை மேற்கோளிட்டு, எல்லோருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

> ‘செழி’ இருக்கும்போது வேறு சொல் எதற்கு?

வயல், ஊர், வணிகம் என்றால் செழி போதும். சிக்கல் குழந்தையிடம்தான். ‘செழுமை வளனும் கொழுப்பும் ஆகும்’ என்கிறது தொல்காப்பிய உரியியல். அந்தச் சொல்லில் ஒரு மிகுதி தொனிக்கிறது. குழந்தை மருத்துவர் பார்ப்பது மிகுதியை அல்ல. வயதுக்கேற்ப எடையும் உயரமும் கூடிவருகிறதா என்பதைத்தான். இதற்கு வீட்டில் புழங்கும் வினை ‘தேறு’. “பால் குடிக்கிறான், ஆனால் உடம்பு தேறலையே” என்று தாய்மார் வந்து சொல்வது இதையேதான். வினைக்கு என் வாக்கு தேறு.

> ‘பிடிப்பு’ எப்படி?

நல்ல யோசனை. ஆங்கிலச் சொல்லின் மூலமான பழைய நோர்ஸ் வினைக்கும் பற்று, பிடி என்றுதான் பொருள். நம்மிடமும் நட்ட நாற்று பச்சை பிடிக்கிறது, செடி வேர் பிடிக்கிறது, இளைத்த உடம்பு சதை பிடிக்கிறது. ஆனால் தனியே ‘பிடிப்பு’ என்று எழுதினால் மருத்துவக் குறிப்பில் தசைப்பிடிப்பு என்றுதான் படிப்பார்கள். நிற்காது.

> அப்படியானால் ‘ஃபெயிலியர் டு த்ரைவ்’ = தேறாமை?

குழந்தையின் எடை வயதுக்கேற்பக் கூடாத நிலைக்கு ஆங்கில மருத்துவத்தில் வழங்கும் பெயர் அது. அதைத் தேறாமை என்பதில்தான் உடன்பட முடியவில்லை. ‘தேறாத கேஸ்’ என்று நாம் யாரைச் சொல்கிறோம் என்று யோசியுங்கள். அந்தச் சொல்லைப் பிள்ளையின் மருத்துவச் சீட்டில் எழுதித் தாய் கையில் கொடுப்பதா? ஆங்கிலத்திலேயே அந்த ‘ஃபெயிலியர்’ (தோல்வி) பெற்றோரைக் குற்றம் சாட்டுவதுபோல் இருக்கிறது என்ற குறை உண்டு. மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலின் தலைப்பே ‘ஃபால்ட்டரிங் க்ரோத்’ (தடுமாறும் வளர்ச்சி) என்றுதான் இருக்கிறது. அவர்கள் கழற்றிவைத்த பழியை நாம் எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டாம்.

அந்த வழிகாட்டுதலின் அளவையும் பாருங்கள். பிறந்த எடை 9க்கும் 91க்கும் இடைப்பட்ட நூற்றுமானத்தில் (ஒத்த வயதுக் குழந்தைகள் நூறு பேரை எடைவரிசையில் நிறுத்தினால் கிடைக்கும் இடம்) இருந்த குழந்தை, வளர்ச்சி அட்டையின் நூற்றுமானக் கோடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகளில் இரண்டோ அதற்கு மேலோ கீழே இறங்கினால் கவனிக்க வேண்டும். எடை கூடிக்கொண்டே இருக்கலாம். கூடும் வேகம்தான் குறைந்திருக்கும். ஆகவே ‘வளர்ச்சித் தேக்கம்’ பொருந்தாது, எதுவும் நின்றுவிடவில்லை. ‘தொய்வு’ என்றால் ஈழத்தில் ஆஸ்துமா. ‘குன்றல்’ உயரக் குறைவுக்கு ஏற்கெனவே போய்விட்டது. என் பரிந்துரை: வளர்ச்சிச் சுணக்கம். வேலையில் சுணக்கம் என்று நாளிதழிலும் வருகிறது, ஈழத்தில் ‘சுணங்கிப் போச்சு’ என்று பேச்சிலும் வருகிறது. யார் மேலும் பழி போடாத சொல்.

> நம் பழைய சொல் ‘சவலை’யை விட்டுவிட்டீர்களே?

விடவில்லை, அது இதைவிடக் குறுகியது. அடுத்த பிள்ளை உண்டாகி, தாய்ப்பால் நின்று, மெலிந்துபோன பிள்ளைதான் சவலை. காரணத்தையும் சேர்த்தே சொல்லும் சொல். குழந்தைகளுக்கு வரும் கடும் ஊட்டக்குறைவு நோயான குவாஷியோர்கரின் பெயரும் அப்படித்தான். இன்றைய கானாவில் பேசப்படும் கா மொழியில், தம்பி தங்கை வந்ததும் ஒதுக்கப்பட்ட பிள்ளைக்கு வரும் நோய் என்று பொருள். அங்கே வேலை பார்த்த மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் அதை அப்படியே எடுத்து 1935இல் லான்செட் மருத்துவ இதழில் எழுத, உலக மருத்துவம் ஏற்றுக்கொண்டது. ஜமைக்காவில் பிறந்த அந்த மருத்துவருக்கு அந்த ஊர்த் தாய்மாரின் சொல் போதுமானதாக இருந்திருக்கிறது. நமக்குத்தான் சவலை என்று எழுதக் கூச்சம். இதைத் தனிப் பதிவாகச் சேர்க்கலாம், ஆனால் எல்லாச் சுணக்கமும் சவலை அல்ல. இதய நோயாலும் குடல் கோளாறாலும்கூட எடை பின்தங்கும்.

மற்ற துறைகள் சுருக்கமாக. நுண்ணுயிரியலுக்குத் ‘தழை’. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில் கண்டெடுத்த தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்ற பாக்டீரியா 70 டிகிரி செல்சியஸ் வாக்கில் தழைக்கிறது என்று எழுதினால் யாருக்கும் தடுக்காது. பிழைத்துக் கிடப்பது வேறு, தழைப்பது வேறு என்பதும் விளங்கிவிடும். “நெருக்கடியில் த்ரைவ் ஆகிறவர்” என்ற நிறுவன மொழிக்குக் கலைச்சொல்லே வேண்டாம். நெருக்கடி வந்தால்தான் அவர் சோபிப்பார், சரி, அவ்வளவுதான்.

தொகுப்பில் தேறு, தழை, வளர்ச்சிச் சுணக்கம், சவலை என நான்கு பதிவுகளாக ஏற்றலாம் என்று நினைக்கிறேன். ‘சுணக்கம்’ குழந்தை சோர்ந்து கிடப்பதைக் குறிக்கும் வட்டாரம் ஏதும் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். மருத்துவமனையில் குழப்பம் வரக்கூடாது.