மியூனிக்கில் பெட்டிப் பூட்டு சிக்கிவிட்டது, இன்றிரவு விமானம்

தருமபுரி நண்பர்களே, அவசரம். தங்கச்சி மகன் மியூனிக்கில் எம்.எஸ். படிக்கிறான். அவனைப் பார்க்க வந்தோம், இன்று கடைசி நாள். இரவு விமானத்தில் பெங்களூரு, அங்கிருந்து காரில் பாலக்கோடு.

பெரிய சூட்கேஸின் நம்பர் பூட்டு திறக்கவில்லை. பெட்டி அடுக்கும்போது பையன் 20,000 எம்ஏஎச் பவர் பேங்கைத் துணிக்கு நடுவில் வைத்துவிட்டான். அதைச் செக்-இன் பெட்டியில் அனுப்பக் கூடாது, கையில்தான் கொண்டுபோக வேண்டும். பாஸ்போர்ட் கையில் இருக்கிறது, அதுவரை நிம்மதி.

24 அங்குல பாலிகார்பனேட் பெட்டி, மூன்று எண் பூட்டு, சாவித் துளை அருகே டிஎஸ்ஏ007 (விமான நிலையச் சோதனையாளர்கள் தங்கள் பொதுச் சாவியால் திறக்கும் வகை) என்று இருக்கிறது. பெட்டியோடு சாவி எதுவும் தரவில்லை. நேற்று இரவு வரை நன்றாகத் திறந்தது. இப்போது நடுச் சக்கரம் மட்டும் பிடிப்பில்லாமல் சுற்றுகிறது, மற்ற இரண்டும் டிக் டிக் என்று நிற்கின்றன.

எங்கள் எண்ணை வைத்து, பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே நடுச் சக்கரத்தை மெதுவாகச் சுழற்றிப் பார்த்தோம். 000 முதல் 999 வரை மாமனும் மருமகனும் மாறி மாறிப் போட்டாயிற்று. டார்ச் அடித்து, எண்ணைக் கண்டுபிடிக்க உதவும் பள்ளத்தைச் சக்கரங்களில் தேடினால் ஓரச் சக்கரங்களில் தெரிகிறது, நடுவில் தெரியவில்லை. பேனா முனையால் ஜிப்பைப் பிளக்கலாம், ஆனால் ஜிப் முனைகள் பூட்டுக்குள் மாட்டியிருப்பதால் திரும்ப மூட முடியாது. இங்கே ஞாயிற்றுக்கிழமை கடைகள் கிடையாது, பூட்டுக்காரரை வீட்டுக்குக் கூப்பிட்டால் விடுமுறைக் கட்டணம் தனி. நம்ம ஊர் பஸ் ஸ்டாண்ட் பக்கமாக இருந்தால் இந்நேரம் வேலை முடிந்திருக்கும்!

நடுச் சக்கரம் கழன்ற இந்த வகைப் பூட்டை, ஜிப்பை உடைக்காமல் திறக்க யாருக்காவது வழி தெரியுமா?