மார்ஜினுக்குத் தமிழ்: ஓரமா, வரம்பா, மருங்கா?

பாடம் எழுதுபவர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கல்லூரி முதலாண்டுக்கு இணையப் பக்க வடிவமைப்புப் பாடம் ஒன்றைத் தமிழில் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் ஒவ்வொரு உறுப்பும் ஒரு பெட்டி. உள்ளிருந்து வெளியே வந்தால் உள்ளடக்கம், அதைச் சுற்றிய இடைவெளியான பேடிங், அதைச் சூழும் கோடான பார்டர், கோட்டுக்கு வெளியே விடும் இடைவெளியான மார்ஜின். கடைசி இரண்டுக்கும் அகராதிகளில் ஓரம், விளிம்பு, எல்லை என்று அதே சொற்களே மாறி மாறி வருகின்றன. வகுப்பில் ஓரம் என்று சொல்லிப் பார்த்தேன். "பார்டருக்கு உள்ளேயா சார், வெளியேயா?" என்று கேட்டுவிட்டார்கள்.

தமிழாசிரியர் எழுதியது:

ஏன் அலைய வேண்டும்? மருங்கு இருக்கிறதே! "சாலையின் இரு மருங்கிலும்" என்று செய்தித்தாளே எழுதுகிறது. தொல்காப்பியத்தில் இச்சொல் வரும் இடங்கள் கொஞ்சமா? மார்ஜினுக்கு மூலமான லத்தீன் மார்கோவையும் நம் மருங்கையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ம, ர, க என்று வரிசைகூடக் குலையவில்லை. கடல் கடந்து போன சொல் என்பதே என் துணிபு.

மொழியியல் நண்பர் எழுதியது:

ஐயா, மார்கோவின் சொந்தபந்தம் எல்லாம் அங்கேயே இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் எல்லையைக் குறித்த சொல்தான் இன்றைய மார்க். டென்மார்க்கின் வாலில் இருப்பதும் அதுவே. எல்லைப்புறத்தை ஆண்ட பிரபு மார்க்விஸ். பாரசீகத்தில் எல்லைக்கு மர்ஸ். எல்லாம் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேர். மருங்கு அந்தக் கல்யாணத்துக்கு அழைப்பில்லாமல் போன விருந்தாளி. அதோடு, கம்பனில் மருங்குல் என்றால் பெண்ணின் இடை. "மருங்கை 10 பிக்சல் கூட்டு" என்று கரும்பலகையில் எழுதினால் தமிழ் படித்த பிள்ளை சிரிக்கும்.

யாழ்ப்பாணத்து நண்பர் எழுதியது:

நீங்கள் வரப்பு என்பதை எங்கட பக்கம் வரம்பு என்போம். இரண்டு வயலுக்கும் நடுவில் ஒரே வரம்புதான். மார்ஜினும் அப்படித்தானே? மேலும் கீழுமாக அடுத்தடுத்து நிற்கும் இரண்டு பெட்டிகளில் ஒன்றின் மார்ஜின் 20, மற்றதன் மார்ஜின் 30 என்றால், வழக்கமான அமைப்பில் இடைவெளி 50 ஆகாது, 30தான். பெரியது சிறியதை விழுங்கிவிடும். ஆகவே வரம்பு.

பாடம் எழுதுபவர் எழுதியது:

அருமை, அந்த உதாரணத்தைப் பாடத்தில் சேர்த்துக்கொள்கிறேன். ஆனால் வயது வரம்பு, பிழை வரம்பு என்று அந்தச் சொல் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. வரம்பு கண்ணுக்குத் தெரியும், மார்ஜின் தெரியாது. பின்னணி நிறம்கூட அங்கே ஏறாது.

பொருளியல் ஆசிரியை எழுதியது:

ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல் என்று யார் சொன்னார்கள்? எங்கள் பாடநூலில் மார்ஜினல் யுடிலிட்டி என்பது இறுதிநிலைப் பயன்பாடு. வேளாண்மைத் துறையில் 1 ஹெக்டேருக்குக் குறைவாக நிலம் உள்ளவர் குறு விவசாயி. சமூகவியலில் விளிம்புநிலை மக்கள். தேர்தலில் வாக்கு வித்தியாசம். நான்கிலும் மூலம் மார்ஜின்தான், யாரும் குழம்பவில்லை. பார்டருக்குக் கரை என்று வையுங்கள், வேட்டிக்கரை தெரியாத மாணவன் உண்டா? போர்த்துகீசியத்தில் மார்ஜெம் என்பது தாளின் ஓரத்தையும் ஆற்றின் கரையையும் குறிக்கும்.

கணித நண்பர் எழுதியது:

கரையை யாராவது கறை என்று தட்டச்சுவார்கள். போகட்டும். கணித மேதை ஃபெர்மா தன் கடைசித் தேற்றத்தின் நிரூபணத்தை எழுத இடம் போதவில்லை என்றது ஒரு புத்தகத்தின் மார்ஜினில்தான். அங்கே அது தாளுக்கு உள்ளே இருக்கும் வெற்றிடம். நம் ஏட்டுச்சுவடியிலும் இடப்பக்க ஓரத்தில் ஏட்டெண் போடுவார்கள், அதுவும் ஓலைக்கு உள்ளேதான். சிஎஸ்எஸ்காரர்கள் அதைப் பெட்டிக்கு வெளியே தள்ளியதால் வந்த வினை இது. ஓரவெளி என்று வையுங்கள். வெளி என்றால் இடமும் ஆச்சு, வெளிப்புறமும் ஆச்சு.

மொழியியல் நண்பர் எழுதியது:

ஓரவெளிக்கு என் ஆதரவு. அப்படியானால் பேடிங் உள்வெளியா? அது உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று கேட்பார்களே. திணிப்பு என்று ஒரு பட்டியலில் பார்த்தேன். தமிழ்நாட்டில் திணிப்பு என்று எழுதினால் அதற்கு முன்னால் என்ன சொல் வரும் என்று உங்களுக்கே தெரியும்.

பாடம் எழுதுபவர் எழுதியது:

அச்சகத்திலிருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார்கள். மார்ஜின் ஓரவெளி, பார்டர் கரை என்று கோப்பை அனுப்பிவிட்டேன். பேடிங் இப்போதைக்குப் பேடிங்காகவே இருக்கட்டும். எல்லோருக்கும் நன்றி.

தமிழாசிரியர் எழுதியது:

பேடிங்கை அப்படியே விட்டதில் எனக்கு உடன்பாடில்லை. அகடு என்ற பழஞ்சொல் இருக்கிறது. வயிறு, உள்ளிடம் என்று பொருள். மருங்கைப் பற்றியும் நண்பருக்கு விடை சொல்ல வேண்டியிருக்கிறது. தனி இழையில் எழுதுகிறேன்.