பறக்காத போர் விமானங்களுக்கு ஜாதகம் எழுதுகிறவர்களே, உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

விமானத்துக்கு நடக்காத வரலாற்றைக் கற்பனை செய்து மாடலோடு எழுதி வைக்கிறோமே, அதைத்தான் ஜாதகம் என்கிறேன். நானே ஆரம்பிக்கிறேன். என்னுடையது இந்தியப் போர் விமானமான எச்.எஃப்-24 மாருத், 1/72 அளவு மாடல். ஜெர்மானியர் கர்ட் டாங்க் பெங்களூரு எச்.ஏ.எல் விமானத் தொழிற்சாலையில் வடிவமைத்து 1961 ஜூனில் முதலில் பறந்த விமானம். ஒலியைப் போல இரு மடங்கு வேகத்துக்கு வரைந்த உடம்பு. கிடைத்ததோ ஆஃப்டர்பர்னர் (பின்னால் கூடுதல் எரிபொருளை எரித்து உந்துவிசை கூட்டும் அமைப்பு) இல்லாத ஆர்ஃபியஸ் 703 எஞ்சின் இரண்டு. பாவம், ஒலிவேகத்தை எட்டுவதே அதற்குப் பெரும்பாடு.

இதற்கு மாற்று வரலாறு எழுதுகிறவர்கள் கைவிடப்பட்ட ஆர்ஃபியஸ் 12 எஞ்சினைத்தான் மாட்டுவார்கள். எனக்குப் பிடித்தது எகிப்து வழி. அங்கே எச்.ஏ-300 போர் விமானத்துக்காக ஆஸ்திரியர் பிராண்ட்னர் உருவாக்கிய ஈ-300 எஞ்சினை 1967-இல் ஒரு மாருத்தில் வைத்தே பறந்து சோதித்தார்கள். 1969-இல் எகிப்து அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. என் கதையில் மாற்றம் ஒன்றே ஒன்று: அப்போது எஞ்சினையும் வரைபடங்களையும் இந்தியா விலைக்கு வாங்கிவிடுகிறது. 1971 போரில் இறக்கிவிடக் கை அரித்தது. ஆனால் அரைகுறை எஞ்சின் இரண்டே வருடத்தில் படைக்கு வந்துவிடுமா என்ன? 1976 என்று வைத்தேன்.

ஒரு கண்காட்சியில், அந்த எஞ்சினுக்கு ஏற்ப மாற்றிய மாடலை வைத்திருந்தபோது பெரியவர் ஒருவர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். ஜோத்பூரில் மாருத் ஸ்குவாட்ரனில் (விமானப்படைப் பிரிவு) மெக்கானிக்காக இருந்தவராம். "எங்க வண்டி பின்னாடி இவ்வளவு தடிமனா இருக்காதே தம்பி" என்றார். கதையைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தால், "அப்போ மேனுவல் எந்த பாஷையில வரும்? ஜெர்மனா, அரபியா?" என்று கேட்டார். அடுத்த அரைமணி நேரம் கதை அவர் கையில். எஞ்சினை இறக்கி ஏற்ற எந்த ஷெட், ஸ்பேர் வராத மாதத்தில் எந்த விமானத்திலிருந்து கழற்றி எதில் மாட்டுவது, தன்னைப் பயிற்சிக்கு எங்கே அனுப்பியிருப்பார்கள், எல்லாம் அவரே முடிவு செய்தார். என் கதையில் வீரதீரம் நிறைய இருந்தது. ஸ்பேர் பார்ட்ஸ் இல்லை. இப்போது இருக்கிறது.

*

அண்ணா, கதை அருமை. ஆனால் 1976-இல் நல்ல மாருத் கையில் இருந்தால் 1978-இல் வெளிநாட்டு ஜாகுவார் போர் விமானத்துக்கு ஒப்பந்தம் எதற்கு? அம்பாலாவில் 14-ஆம் ஸ்குவாட்ரன் பழைய ஹன்டர் விமானத்தை விட்டு ஜாகுவாருக்கு ஏன் மாறும்? அதையும் எழுதிவிடுங்கள். எதிரியை எத்தனை விழுத்தியது என்று பட்டியல் போடுவது சுலபம். எதை வாங்காமல் விட்டோம் என்பதில்தான் சுவாரசியம்.

*

நான் டொரன்டோ. இங்கே மால்டனில் செய்த ஆவ்ரோ ஆரோ போர் விமானத்தை 1959 பிப்ரவரி 20 அன்று அரசு ரத்து செய்தது. பறந்தவை ஐந்து. இரோகுவாய் எஞ்சினோடு ஆறாவது கிட்டத்தட்ட தயாராக இருந்தது. எல்லாவற்றையும் வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். 1961-இல் அமெரிக்க வூடூ போர் விமானங்களை வாங்காமல் ஆரோவையே வைத்துக்கொண்டதாக நான் ஒரு ஸ்குவாட்ரன் வரலாறு எழுதி, மாடலுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தேன். ஒரு கனடியப் பெண்மணி முழுவதும் படித்தார். அவருடைய அப்பா அந்த வெள்ளிக்கிழமை வேலை இழந்த ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவராம். "உன் கதையில் நாங்கள் இந்த ஊரிலேயே இருந்திருப்போம்" என்றார். கோபமா, சந்தோஷமா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. அதன்பிறகு இது கற்பனை என்று தலைப்பிலேயே பெரிய எழுத்தில் போடுகிறேன்.

*

ஜாகுவார் கேட்ட தம்பிக்கு: வாங்கட்டும், ஆனால் பாதி எண்ணிக்கை. மீதிப் பணம் எஞ்சினுக்குப் போகிறது. 14-ஆம் ஸ்குவாட்ரனை மாருத்துக்கு மாற்றுவதென்றால் வாலில் ஒட்டும் டெக்காலை (சின்னம் அச்சிட்ட மெல்லிய ஒட்டுத்தாள்) நானே அச்சடிக்க வேண்டும். வெள்ளை மை பிரிண்டர் யாரிடமாவது இருக்கிறதா?