கூம்பு வடிவ இன்டேக் ரன்னர் யாராவது செய்திருக்கிறீர்களா?

மாருதி எஸ்டீம் காரின் 1.3 லிட்டர் இன்ஜினுக்குச் சொந்தமாக இன்டேக் மேனிஃபோல்டு (இன்ஜினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) செய்துகொண்டிருக்கிறேன். பிளீனம் (காற்று சேரும் பெட்டி), ஃபிளாஞ்ச் (இன்ஜினோடு பொருத்தும் தட்டு) தயார். சிக்கல் ரன்னரில்தான், அதாவது பிளீனத்திலிருந்து சிலிண்டருக்குக் காற்று போகும் குழாயில். 250 மி.மீ. நீளத்தில் விட்டம் 45-லிருந்து 36 மி.மீ. வரை சீராகக் குறுக வேண்டும், 2 மி.மீ. அலுமினியம். தகட்டில் விரித்து வரைந்தால் 1,250, 1,000 மி.மீ. ஆரமுள்ள இரண்டு வில்களுக்கு நடுவே ஒரு பட்டை. கணக்கு சரி, ஆனால் இங்குள்ள ரோலிங் மெஷினின் உருளையே இந்த விட்டத்தைவிடப் பெரிது.

45 மி.மீ. குழாயில், சிறிய முனையில் 28 மி.மீ. அகலம் வரும்படி ஆப்பாக வெட்டியெடுத்து, நெருக்கி, டிக் வெல்டிங் வைக்கலாம் என்கிறார் பட்டறை அண்ணன். உள்ளே இறங்கும் வெல்டை அந்தக் குறுகலில் எப்படித் தேய்ப்பது?

லேத்தில் கூம்பு மேண்ட்ரல் (தகட்டை மேலே வைத்து வளைக்கும் அச்சு) கடைந்து, தகட்டை அதன்மேல் தட்டி வளைத்தவர்கள் சொல்லுங்கள்: இரும்புதான் வேண்டுமா, மரமே போதுமா? தகட்டை முதலில் சூடாக்கி இளக்கினீர்களா? கோவைப் பக்கம் செய்துதரும் பட்டறை தெரிந்தாலும் சரி.