முழுத் தொகையையும் கட்டியும் கிரெடிட் ஸ்கோர் ஏன் குறைந்தது?

கேள்வி – முதல் அட்டைக்காரர்

அனைவருக்கும் வணக்கம். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகளாக ஒரே ஒரு கடன் அட்டை வைத்திருக்கிறேன். வேறு கடன் எதுவும் எனக்கு இல்லை. அட்டையின் வரம்பு 1,00,000. மாதந்தோறும் பில் வந்ததும், கடைசித் தேதிக்கு இரண்டு மூன்று நாள்கள் முன்பாகவே முழுத் தொகையையும் நானே கையால் கட்டிவிடுவேன். இதுவரை ஒரு நாள்கூடத் தவறியதில்லை. வட்டி என்று ஒரு காசு கொடுத்ததும் இல்லை.

கடந்த மூன்று மாதங்களாக, கணக்கு ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று வீட்டுச் செலவு அனைத்தையும் அட்டையிலேயே செய்கிறேன். மாத பில் 75,000 முதல் 80,000 வரை வருகிறது. கையில் பணம் இருப்பதால் கட்டுவதில் சிரமம் ஏதும் இல்லை. ஆனால் சென்ற வாரம் கிரெடிட் ஸ்கோரைப் பார்த்தபோது அது 41 புள்ளிகள் குறைந்திருந்தது. ஒழுங்காகக் கட்டுகிறவனுக்கு இது என்ன தண்டனை என்று புரியவில்லை.

அலுவலகத்தில் விவரம் தெரிந்தவராகக் கருதப்படும் ஒருவரிடம் கேட்டேன். முழுத் தொகையையும் கட்டினால் வங்கிக்கு நம்மால் ஆதாயம் இல்லை, ஆகையால் ஸ்கோர் ஏறாது, மாதம் கொஞ்சம் பாக்கி வைத்துக் கட்டுங்கள் என்றார். அவர் சொல்வது உண்மையா? இரண்டாவதாக ஓர் அட்டை வாங்குவது உதவுமா? இன்னும் ஆறு மாதத்தில் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருப்பதால்தான் இந்தக் கவலை.

பதில் – கணக்கர்

கட்டுவதில் நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. உங்கள் பாக்கி எந்த நாளில் படம் பிடிக்கப்படுகிறது என்பதைத்தான் கவனிக்கவில்லை.

கடன் அட்டைக்கு இரண்டு தேதிகள் உண்டு. ஒன்று பில் போடும் தேதி, மற்றொன்று பணம் கட்டக் கடைசித் தேதி. வட்டியும் தாமதக் கட்டணமும் கடைசித் தேதியைச் சார்ந்தவை என்பதால் எல்லோருடைய கண்ணும் அதன் மீதே இருக்கிறது. ஆனால் பெரும்பாலான வங்கிகள், பில் போடும் நாளில் கணக்கில் நிற்கும் தொகையையே, ஸ்கோருக்கு அடிப்படையான கடன் பதிவுகளைத் திரட்டி வைக்கும் கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவிக்கின்றன. பில் நாளில் உங்கள் கணக்கில் 80,000 நின்றால், 1,00,000 வரம்பில் 80 விழுக்காட்டைப் பயன்படுத்திவிட்ட மனிதர் என்றுதான் அங்கே பதிவாகும். பத்துப் பதினைந்து நாள் கழித்து அதை நீங்கள் முழுவதுமாக அடைத்தது ஒழுங்காகக் கட்டியவர் என்ற கணக்கில் சேருமே தவிர, ஏற்கெனவே எடுக்கப்பட்ட அந்தப் படத்தை மாற்றாது.

வரம்பில் எத்தனை விழுக்காடு பயன்படுத்தப்பட்டிருக்கிறது என்பதைப் பயன்பாட்டு விகிதம் என்பார்கள். இதற்கு எவ்வளவு எடை என்பதற்கு ஓர் அளவுகோலாக, அமெரிக்காவில் பரவலாகப் பயன்படும் ஃபைகோ ஸ்கோரை எடுத்துக்கொள்ளலாம். அந்த நிறுவனம் தன் பங்கீட்டை வெளிப்படையாகவே சொல்கிறது. தவறாமல் கட்டிய வரலாற்றுக்கு 35 விழுக்காடு, நிலுவைத் தொகைக்கு 30, கடன் வரலாற்றின் வயதுக்கு 15, புதிய விண்ணப்பங்களுக்கு 10, கடன் வகைகளின் கலவைக்கு 10. நிலுவைத் தொகை என்ற அந்த 30 விழுக்காட்டில் முக்கிய இடம் பிடிப்பது பயன்பாட்டு விகிதந்தான். பிற நாடுகளின் ஸ்கோர்கள் வேறு சூத்திரத்தில் கணக்கிடப்பட்டாலும், கட்டிய ஒழுங்கையும் பயன்பாட்டு விகிதத்தையும் பாராத ஸ்கோரை நான் கண்டதில்லை. வருமானம் எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு என்பவை இந்தப் பட்டியலிலேயே இல்லை என்பதையும் பாருங்கள். பணம் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும், ஸ்கோருக்குத் தெரியாது.

பரிகாரம் எளிது. பில் போடுவதற்கு முன்பே செலவின் பெரும்பகுதியைக் கட்டிவிடுங்கள். 80,000 செலவானால் 60,000-ஐ முன்கூட்டியே செலுத்தினால், 20,000-க்குத்தான் பில் வரும். விகிதம் 20 விழுக்காடாகப் பதிவாகும். விகிதம் 30-க்குள் இருக்கட்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். 29-இல் சொர்க்கம், 31-இல் நரகம் என்று இதற்குப் பொருளில்லை. குறையக் குறைய நல்லது, அவ்வளவே.

உங்கள் நண்பர் சொன்னது தவறு, அதுவும் செலவு வைக்கிற தவறு. பில்லில் ஒரு தொகை பதிவாவது வேறு, அந்தத் தொகையைக் கட்டாமல் அடுத்த மாதத்துக்குத் தள்ளுவது வேறு. அட்டையைப் பயன்படுத்துகிறீர்கள் என்று தெரிவதற்குச் சிறு தொகை பில்லில் வந்தால் போதும். வட்டி கட்டியதற்காக எந்த ஸ்கோரும் ஒரு புள்ளியும் தருவதில்லை.

பதில் – சூடுகண்ட பூனை

கணக்கர் சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன். கொஞ்சம் பாக்கி வைப்பது என்றால் உண்மையில் என்ன நடக்கும் என்பதை நான் அனுபவித்தே தெரிந்துகொண்டேன் என்பதால் அதை மட்டும் விரிவாக எழுதுகிறேன். பாக்கி வைக்க வேண்டும் என்று நான் நினைக்கக்கூட இல்லை.

என் அட்டைக்கு 5-ஆம் தேதி பில், 25-ஆம் தேதி கடைசி நாள். ஒரு மாதம் 10-ஆம் தேதி, ஒரே கடையில் 20,000-க்குப் பொருள்கள் வாங்கினேன். அவற்றில் 1,000 மதிப்புள்ள ஒன்றைப் பிடிக்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன்; கடைக்காரரும் பணத்தை அட்டைக்கே திருப்பி அனுப்புவதாக ஒப்புக்கொண்டார். அடுத்த மாதம் 5-ஆம் தேதி 20,000-க்குப் பில் வந்தது. 1,000 எப்படியும் திரும்ப வரப்போகிறதே என்று, 25-ஆம் தேதி 19,000 மட்டும் கட்டினேன். திரும்ப வரவேண்டிய பணம் 27-ஆம் தேதிதான் வந்து சேர்ந்தது.

அதற்கடுத்த பில்லில் வட்டி மட்டும் ஏறக்குறைய 890! ஆயிரத்துக்கு இரண்டு நாள் தாமதத்துக்கு இவ்வளவா என்று வங்கியை அழைத்துச் சண்டை பிடித்தேன். எதிர்முனையில் பேசியவர் பொறுமையாகக் கணக்கைச் சொன்னார். வட்டியில்லாக் காலம் என்பது முழுத் தொகையையும் கட்டுகிறவர்களுக்கு மட்டும் தரப்படும் சலுகை. ஒரு பகுதி குறைந்தாலும் அந்தச் சலுகை முழுவதும் போய்விடும். அப்போது பாக்கியான 1,000-க்கு அல்ல, 20,000-க்கும், பொருள் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். வட்டி மாதம் 3 விழுக்காடு, அதாவது ஆண்டுக்கு 36. 10-ஆம் தேதியிலிருந்து மறுமாதம் 25-ஆம் தேதி வரை 45 நாள். 20,000-க்கு 45 நாள் வட்டி போட்டுப் பார்த்தால் 888 வருகிறது. வங்கி ஏமாற்றவில்லை, கையெழுத்துப் போட்ட நிபந்தனைத் தாளில் அது இருந்தது, நான்தான் படிக்கவில்லை. எல்லா வங்கிகளும் இப்படியே கணக்கிடும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இந்த முறை அரிதானதும் அல்ல. போதாக்குறைக்கு, பழைய பாக்கி தீரும்வரை புதிதாக வாங்கும் பொருள்களுக்கும் அன்றன்றே வட்டி தொடங்கிவிடும்.

அன்றிலிருந்து, திரும்ப வரவேண்டிய பணம் எவ்வளவு இருந்தாலும், பில்லில் என்ன எழுதியிருக்கிறதோ அதை அப்படியே கட்டிவிடுகிறேன். திரும்பி வரும் பணம் அடுத்த மாதக் கணக்கில் வரவாக நிற்கட்டும்.

இதை எழுதும்போதே, பில்லின் மேல்பக்கத்தில் கொட்டை எழுத்தில் அச்சாகும் அந்தக் குறைந்தபட்சத் தொகையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதைக் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, தவறியவர் என்ற பதிவும் விழாது. அந்த அளவில் அது பாதுகாப்புதான். ஆனால் 50,000 பாக்கியை வைத்துக்கொண்டு, மாதம் 3 விழுக்காடு வட்டியில், பில்லின் 5 விழுக்காட்டை மட்டும் கட்டிவந்தால் என்ன ஆகும் என்று ஒரு நாள் தாளில் போட்டுப் பார்த்தேன். புதிதாக ஒன்றுமே வாங்காமல் ஓராண்டு முழுவதும் கட்டிய தொகை சுமார் 27,500. கடன் குறைந்ததோ சுமார் 11,500 மட்டுமே. மீதி 16,000 வட்டிக்குப் போய்விட்டது. அந்த 50,000 பாதியாகக் குறைய 32 மாதங்கள் ஆகின்றன. கூட்டியதில் பிழை என்று நினைத்து இரண்டாம் முறையும் போட்டுப் பார்த்தேன், விடை மாறவில்லை.

பதில் – தும்பை

ஒரு சிறு சேர்க்கை: அட்டையைப் பயன்படுத்தி ஏடிஎம்மில் பணம் எடுக்காதீர்கள். அதற்கு வட்டியில்லாக் காலமே பொதுவாகக் கிடையாது. எடுத்த கணத்திலிருந்து வட்டி, அதன் மேல் தனியாக ஒரு கட்டணமும் உண்டு. கேள்வி கேட்டவர் அப்படிச் செய்கிறவராகத் தெரியவில்லை, இருந்தாலும் பின்னால் இதைப் படிக்க வருகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

பதில் – முன்னாள் கடன் பிரிவு ஊழியர்

பல ஆண்டுகள் கடன் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் மேசையில் அமர்ந்திருந்தவன் என்ற முறையில், வீட்டுக் கடன் பற்றிய பகுதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

இரண்டாவது அட்டையை இப்போது வாங்காதீர்கள். வரம்பு கூடுவதால் பயன்பாட்டு விகிதம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் நீங்கள் விண்ணப்பித்தவுடன் வங்கி உங்கள் கடன் அறிக்கையைக் கேட்டு வாங்கும், அந்த விசாரணை அறிக்கையில் பதிவாகும். கூடவே, உங்கள் கணக்குகளின் சராசரி வயதும் குறைந்துவிடும். ஃபைகோ முறையில் விசாரணைப் பதிவு இரண்டு ஆண்டுகள் அறிக்கையில் இருக்கும், முதல் பன்னிரண்டு மாதங்களுக்கு ஸ்கோரிலும் கணக்கில் கொள்ளப்படும். ஒரு விசாரணையால் குடி மூழ்கிவிடாது. ஆயினும், அடுத்தடுத்து நான்கு இடங்களில் கடன் கேட்டவரின் கோப்பு மேசைக்கு வரும்போது, இவருக்கு என்ன நெருக்கடி என்ற கேள்வி எங்களுக்குள் இயல்பாகவே எழும். நீங்களே உங்கள் ஸ்கோரைப் பார்ப்பது இந்தக் கணக்கில் சேராது. அதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

இருக்கும் அட்டையின் வரம்பை உயர்த்தக் கேட்பது இதைவிட நல்ல வழி. கேட்பதற்கு முன், அதற்காக அறிக்கையை வாங்கிப் பார்ப்பீர்களா என்று வங்கியிடமே விசாரித்துக்கொள்ளுங்கள். சில வங்கிகள் பார்க்கும், சில பார்ப்பதில்லை. வரம்பு 2,00,000 ஆனால் அதே 80,000 செலவு 40 விழுக்காடாகிவிடும். வரம்பு உயர்ந்தது என்று செலவும் உயருமானால் அந்தக் கணக்கு வீண்.

பயன்பாட்டு விகிதத்துக்குப் பழைய முறைகளில் நினைவாற்றல் கிடையாது. இந்த மாதம் குறைத்தால் அடுத்த பதிவிலேயே ஸ்கோர் மீளும். ஃபைகோ 10டி, வான்டேஜ்ஸ்கோர் 4.0 போன்ற புதிய முறைகள் கடந்த 24 மாதங்களின் போக்கையும் பார்க்கின்றன. எனவே விண்ணப்பிப்பதற்கு முந்தைய மாதம் மட்டும் குறைத்துக் காட்டலாம் என்று இருக்காமல், இந்த ஆறு மாதமும் குறைவாகவே வைத்திருங்கள்.

முழு அறிக்கையையும் ஒரு முறை வரிவரியாகப் படியுங்கள். ஸ்கோர் என்ற ஒற்றை எண்ணைப் பார்த்து மகிழ்கிறவர்களும் வருந்துகிறவர்களும், அதன் பின்னால் உள்ள பக்கங்களைத் திறப்பதே இல்லை. அடைத்து முடித்த கடன் இன்னும் நிலுவை என்று கிடப்பதையும், பெயர் ஒற்றுமையால் வேறொருவரின் கடன் வந்து ஒட்டிக்கொண்டதையும் என் மேசையிலேயே கண்டிருக்கிறேன். திருத்தக் கேட்டு எழுதினால் திருத்துவார்கள், ஆனால் வாரக்கணக்கில் ஆகும். அவ்வேலையை விண்ணப்பித்த பிறகு தொடங்குவது வெள்ளம் வந்தபின் அணை போடுவதைப் போன்றது.

முன்பு எப்போதாவது அட்டைப் பாக்கியைச் சமரசம் பேசிக் குறைத்துக் கட்டியிருந்தால் அதையும் பாருங்கள். முழுவதும் கட்டி மூடிய கணக்கும், பேசித் தீர்த்த கணக்கும் அறிக்கையில் வெவ்வேறு சொற்களால் குறிக்கப்படும். பின்னது, வங்கி ஒரு பகுதியை இழந்தது என்பதன் சாட்சி. தள்ளுபடி கிடைத்ததே என்று மகிழ்ந்தவர்கள், ஐந்து ஆண்டு கழித்து எங்கள் முன்னால் வந்து காரணம் புரியாமல் நின்றிருக்கிறார்கள்.

பதில் – முதல் அட்டைக்காரர்

நேரம் ஒதுக்கி எழுதிய அனைவருக்கும் நன்றி. இன்று காலை வங்கியின் செயலியைத் திறந்து தேதிகளைப் பார்த்தேன். எனக்கு 18-ஆம் தேதி பில், மறுமாதம் 7-ஆம் தேதி கடைசி நாள். இவ்வளவு காலமாகக் கடைசித் தேதி மட்டுமே தெரிந்திருந்தது. பில் தேதியை இன்றுதான் முதன்முதலாகக் கவனித்தேன். 17-ஆம் தேதி 60,000 கட்டலாம் என்று இருக்கிறேன்.

அங்கேயே இன்னொன்றும் கண்ணில் பட்டது. அட்டை வாங்கிய அன்று விண்ணப்பத்தில் எதையோ தேர்ந்தெடுத்திருக்கிறேன் போலும். கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ளும் வசதியில் குறைந்தபட்சத் தொகை என்று இருந்தது. மாதந்தோறும் நானே முந்திக்கொண்டு கட்டியதால் அது ஒரு முறையும் வேலை செய்யவில்லை. ஒரு மாதம் ஊருக்குப் போய் மறந்திருந்தால், பில் தொகை பிடிக்கப்பட்டுவிட்டது என்ற குறுஞ்செய்தியைப் பார்த்து, முழுவதும் போய்ச் சேர்ந்தது என்று நிம்மதியாக இருந்திருப்பேன். அதை முழுத் தொகை என்று மாற்றிவிட்டேன்.

பதில் – கணக்கர்

நல்லது. 17-ஆம் தேதி வேண்டாம், 14 அல்லது 15-ஆம் தேதியே கட்டிவிடுங்கள். கட்டிய பணம் அட்டைக் கணக்கில் வரவாக ஏறுவதற்குச் சில வங்கிகளில் இரண்டு நாள் ஆகிறது, இடையில் விடுமுறை வந்தால் மூன்றாகும். 18-ஆம் தேதிக்கு முன் அது ஏறாவிட்டால் பில்லில் பழையபடி 80,000-தான் நிற்கும்.