பியானோ மட்டும் வீட்டில் பியானோவாகக் கேட்கமாட்டேன் என்கிறது

திருப்பாதிரிப்புலியூர்க்காரன்:
வணக்கம். மகள் சனிக்கிழமைதோறும் புதுச்சேரியில் பியானோ கற்றுக்கொள்கிறாள். டீச்சரம்மா வீடு பழைய காலத்து வீடு, உயரமான கூரை. நான் பேப்பரும் கையுமாகத் திண்ணையில் உட்கார்ந்திருப்பேன். ஆறு மாதம் அப்படிக் கேட்டதில் என் காது கெட்டுப்போய்விட்டது. பஸ் பிடித்து கடலூர் வந்து, அதே இசையை வீட்டில் போட்டால் காலண்டரில் பலாப்பழம் பார்த்த மாதிரி இருக்கிறது.

நாதஸ்வரம், பழைய சினிமாப் பாட்டு எதிலும் குறையில்லை. பியானோவில்தான் வம்பு. இடது கைப் பக்கம் ஒன்றிரண்டு சுரம் மட்டும் ‘தொம்’ என்று வீங்கி, அடுத்ததின் மேல் சாய்ந்துகொள்கிறது. ஓங்கி அடிக்கும் இடங்களில் கரகரக்கிறது. இன்னொன்று: டீச்சரம்மா பெடலிலிருந்து காலை எடுக்கும்போது அத்தனை கம்பியும் ஒரே மூச்சில் அடங்கும், மெல்லிசாக ஒரு ‘ஃப்ஸ்’. திண்ணையில் எனக்கு அதுதான் பிடிக்கும். வீட்டில் அது இல்லவே இல்லை.

இருப்பது 5 அங்குல வூஃபர் (கனத்த ஒலிக்கான கூம்பு) உள்ள ஸ்பீக்கர் இரண்டு, 30 வாட் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்). “சப்வூஃபர் வாங்குங்க சார், எல்லாம் சரியாயிடும்” என்கிறார் கடைக்காரர். அடிச்சுரங்களுக்கென்றே தனி ஸ்பீக்கர் பெட்டியாம் அது. 40,000 ரூபாய் வைத்திருக்கிறேன். வாங்கலாமா?

நெய்வேலி ரசிகன்:
தாராளமாக வாங்குங்கள். பியானோவின் இடது கோடிக் கட்டை 27.5 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 27.5 அதிர்வு. 5 அங்குலத்தை வைத்துக்கொண்டு அங்கே இறங்க முடியுமா?

புதுவை ட்யூனர்:
கொஞ்சம் பொறுங்கள் சார். பியானோவுக்கு சுருதி சேர்ப்பதுதான் என் பிழைப்பு. 27.5 சரிதான். ஆனால் அந்தக் கம்பியிலிருந்து 27.5இல் வருவது சொற்பம். 55, 82 என்று மேலே அடுக்கடுக்காக வருகிறதே, அதுதான் பலம். அதைக் கேட்டு, அடிச்சுரத்தைக் காதே கட்டிக்கொள்ளும். ஏற்கெனவே வீங்குகிற இடத்தில் சப்வூஃபர் வைத்தால் வீக்கம்தான் கூடும். அறை என்ன அளவு? ஸ்பீக்கர் எங்கே வைத்திருக்கிறீர்கள்?

திருப்பாதிரிப்புலியூர்க்காரன்:
பத்துக்குப் பத்து. இரண்டும் மூலையில், பீரோ மேல். சிரிக்காதீர்கள் அண்ணே, கீழே வைத்தால் சின்னவன் கூம்பில் விரலை விடுகிறான்.

புதுவை ட்யூனர்:
சிரித்துவிட்டேன். கூரையும் பத்தடி இருக்குமே? பத்தடி இடைவெளியில் இரண்டு சுவர் எதிரெதிரே நின்றால், நடுவே தேங்கி நிற்கும் அலை சுமார் 57 ஹெர்ட்ஸ். நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்து என்றால் மூன்றும் ஒரே சுரத்தில் சேர்ந்து கத்தும். மூலையில் வைத்தது எரிகிற அடுப்பில் எண்ணெய். பியானோவில் இடமிருந்து 13ஆவது கட்டை 55, 14ஆவது 58. உங்கள் ‘தொம்’ அங்கேதான் இருக்க வேண்டும்.

மகளிடம் 61 கட்டை கீபோர்டு இருந்தால் ஆம்பில் சொருகிப் பாருங்கள். அது 65 ஹெர்ட்ஸில்தான் ஆரம்பிக்கும், அதனால் ஆக்டேவ் (ஸ்தாயி) பொத்தானை ஒரு படி இறக்கிவிட்டு, 10, 11ஆவது கட்டைகளை அடிக்கச் சொல்லுங்கள்; அதே 55, 58 அவைதான். அப்புறம் ஸ்பீக்கரை ஹாலுக்குக் கொண்டுபோங்கள். உட்கார்ந்தால் ட்வீட்டர் (உச்ச ஒலி வரும் சின்னக் கூம்பு) காது உயரத்துக்கு வர வேண்டும், பின்சுவரிலிருந்து இரண்டடியாவது தள்ளி.

கரகரப்பு வேறு கதை. பியானோவில் கம்பியை அடிப்பது சுத்தியல். அடி விழுகிற கணத்தில் ஒலி 20 டெசிபல் எகிறினால் ஆம்பிடம் நூறு மடங்கு சக்தி கேட்கும். ஒரு வாட்டில் சாதுவாக ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று நூறு கேட்டால், 30 வாட் எங்கே போகும்? பணத்தைப் பெரிய ஆம்பில் போடுங்கள்.

அந்த ‘ஃப்ஸ்’: டாம்பர், அதாவது கம்பியை அடக்குகிற கட்டையின் கம்பளி, கம்பியில் வந்து உட்காருகிற சத்தம். நீங்கள் வீட்டில் ஃபேனைப் போட்டுக்கொண்டுதானே கேட்கிறீர்கள்?

திருப்பாதிரிப்புலியூர்க்காரன்:
அண்ணே, 10ஆவது கட்டையை அடித்ததும் பீரோக் கதவு உறுமியது. 11இல் அதற்கு மேல். ஒன்பதும் பன்னிரண்டும் பச்சைப் பிள்ளை மாதிரி இருந்தன.

ஹால் பதினாறுக்குப் பதினொன்று. ஸ்டூல் போட்டு வைத்தேன். வீக்கம் முழுக்கப் போகவில்லை, ஆனால் இடது கையில் ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிகிறது. ஒரு பதிவில் பியானோ சுவர் அகலத்துக்கு விரிந்து கிடந்தது; ஸ்பீக்கர்களை ஆறடிக்கு நெருக்கியதும் ஓர் ஆள் உட்கார்ந்து வாசிக்கிற அளவுக்கு வந்தது. மத்தியானம் ஃபேனை நிறுத்தி, வியர்க்க வியர்க்க உட்கார்ந்தேன். ‘ஃப்ஸ்’ கேட்டது! மூன்றாவது நிமிஷம் வீட்டுக்காரம்மா வந்து ஃபேனைப் போட்டுவிட்டார்.

சப்வூஃபரை மறந்தாயிற்று. புதுச்சேரி ஞாயிற்றுக்கிழமை சந்தையில் பழைய 100 வாட் ஆம்ப் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். எடுக்கும் முன் என்ன கவனிக்க வேண்டும்?

புதுவை ட்யூனர்:
வால்யூம் குமிழைச் சுற்றிப் பாருங்கள். ‘சரசர’ என்றால் கடற்காற்று உள்ளே குடியேறிவிட்டது. சுத்தம் செய்யலாம், விலையைக் குறைத்துக் கேளுங்கள். பின்பக்கம் ஸ்பீக்கர் முனைகளில் பச்சைக் களிம்பு இருக்கிறதா பாருங்கள். அரை மணி நேரம் ஓடவிட்டு, பாட்டை நிறுத்தி, ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேளுங்கள். ‘உம்ம்’ என்று முனகினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.